பழைய காரைவீட்டு ஜன்னல்கள்: எதைச் செப்பனிடுவது, எதை மாற்றுவது, எதைக் கொண்டு மாற்றுவது

அம்பாசமுத்திரம் பக்கத்தில், தாமிரபரணிக் கால்வாய் பாயும் வயல்களை ஒட்டிய ஒரு தெருவில் எங்கள் குடும்ப வீடு இருக்கிறது. திண்ணை, தார்சா (திண்ணையை அடுத்த தாழ்வாரம்), பட்டாசல் (கூடம்), முற்றம், முற்றத்தைச் சுற்றிய அறைகள், அடுப்பங்கரை, புறவாசல் என்று நீளவாக்கில் போகும் காரைவீடு அது. செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பிய சுவர்கள் ஒன்றரை அடி கனம். மேலே தேக்கு உத்திரங்களின் மீது கட்டைக்குத்து மட்டப்பா, அதாவது செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கிய மொட்டைமாடி. எண்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட அந்த வீட்டின் 14 ஜன்னல்களையும் என்ன செய்வது என்ற கேள்வி சென்ற ஆண்டு எங்கள் முன் வந்து நின்றது. சில கதவுகள் சாத்த வரவில்லை, சிலவற்றில் கீழ்ச்சட்டம் இற்றுப்போயிருந்தது, கொசு எல்லா ஜன்னல்கள் வழியாகவும் வந்துகொண்டிருந்தது. பதினான்கையும் பெயர்த்தெடுத்துவிட்டு வெள்ளை யு.பி.வி.சி. (கெட்டிப் பிளாஸ்டிக்) ஜன்னல் வைத்துவிடலாம் என்று ஒரு தரப்பும், தாத்தா வைத்த தேக்கில் கையே வைக்கக் கூடாது என்று இன்னொரு தரப்பும் வீட்டுக்குள்ளேயே இருந்தன. ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்து, வேலையும் செய்து முடித்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இதுதான்: ஒரு வீட்டின் எல்லா ஜன்னல்களுக்கும் ஒரே விடையைத் தேடுவதில்தான் பிழை தொடங்குகிறது. எந்தச் சுவரில், எந்தத் திசை பார்த்து, எந்த அறைக்காக அந்த ஜன்னல் இருக்கிறது என்பதே அதை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று முடிவு செய்கிறது.

பழைய ஜன்னல் என்ன வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்தில் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேல்காற்று, அதாவது மேற்குக் காற்று, கயத்தாறு, தென்காசிப் பக்கங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு வலுவானது. ஐப்பசி, கார்த்திகையில் மழை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சாய்ந்து அடிக்கும். பங்குனி முதல் வைகாசி வரை வெயில். இந்த மூன்றுக்கும் ஏற்றபடி, நடுவே நெட்டுக் கம்பிகள், இரண்டாகவோ மேலும் கீழுமாக நான்காகவோ பிரிந்த மரக் கதவுகள் என்று அந்தக் காலத்து ஆசாரிகள் ஓர் ஏற்பாட்டைச் செய்து வைத்தார்கள். கீழ்க்கதவுகளைச் சாத்தி மேல்க்கதவுகளைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் பார்வை படாமல் காற்று வரும். நான்கையும் சாத்தினால் மேற்கு வெயில் மரத்தோடு நின்றுவிடும். முற்றத்தில் சூடேறி மேலே போகும் காற்று, தெருப் பக்கத்து ஜன்னல்கள் வழியாகப் புதிய காற்றை உள்ளே இழுக்கும். அதாவது அந்த ஜன்னல்கள் தனித்தனியாக வேலை செய்யவில்லை. முற்றத்தோடு சேர்ந்து வேலை செய்கின்றன. முற்றத்தைக் கண்ணாடித் தகடு போட்டு மூடிவிட்டு, அறையில் காற்றே இல்லை, ஜன்னலை மாற்ற வேண்டும் என்று சொல்பவர்கள், முதலில் முற்றத்தின் மூடியில் காற்று வெளியேற வழி வைத்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு கணக்கு உதவும். மூன்றடி அகலமும் நான்கடி உயரமும் கொண்ட ஜன்னல் வாய் 12 சதுர அடி. மரக் கதவுகளை முழுவதும் விரித்தால், சட்டமும் கம்பிகளும் போக மற்றதெல்லாம் காற்றுக்கு வழி. அதே வாய்க்குள் இருபக்கமும் தள்ளும் யு.பி.வி.சி. ஜன்னலைப் பொருத்தினால், சுற்றுச்சட்டம் நாற்புறமும் சுமார் இரண்டு அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். மிஞ்சுவது பத்துச் சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. தள்ளும் ஜன்னலில் எப்போதும் ஒரு பாதிதான் திறந்திருக்கும் என்பதால், உண்மையில் கிடைக்கும் திறப்பு ஐந்து சதுர அடியைத் தாண்டாது. அதன் மேல் கொசுவலையும் வந்தால் காற்று இன்னும் தணியும். வெளியே திறக்கும் கதவுள்ள யு.பி.வி.சி. ஜன்னலாக இருந்தால் இந்த இழப்பு பெருமளவு குறையும். ஆகவே பொருள் எது என்று பேசுவதற்கு முன்பே, தள்ளுவதா திறப்பதா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். விலைப்பட்டியலில் தள்ளும் ஜன்னல் மலிவாகத் தெரிவதன் பின்னால் பாதிக் காற்று போகிறது.

எங்கள் வீட்டில் முதலில் பார்த்தது செப்பனிடும் வழியைத்தான். அதற்குக் காரணம் பாசம் மட்டுமன்று. பழைய நாட்களில் நம் பக்கத்து வீடுகளுக்கு வந்த தேக்கு, மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்த கட்டை. இன்று மரக்கடையில் கிடைக்கும் தேக்கில் பெரும்பகுதி இளவயதில் வெட்டிய தோட்டத்து மரம். தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் வருவதும் அவ்வகைதான். பர்மாத் தேக்கு என்று சொல்லி விற்பதை நன்கு விசாரித்தே வாங்க வேண்டும். மியான்மர் 2014ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் வெட்டுமரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்திவிட்டது. கரையானைத் தடுக்கும் தன்மை தேக்கின் வைரத்தில்தான் இருக்கிறது, அதைச் சுற்றியுள்ள வெளுத்த பாகத்தில் இல்லை. புதிய சட்டம் ஒன்றை வாங்கி, அதன் ஓரம் வெளுத்திருந்தால், கரையான் அந்த ஓரத்தில்தான் ஏறும். எங்கள் தாத்தா காலத்துச் சட்டங்களில் அந்த வெளுத்த பாகமே இல்லை.

ஆசாரி வந்து பார்த்த விதத்தைச் சொல்ல வேண்டும். அவர் முதலில் விரல் முட்டியால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று கேட்ட இடங்களைக் கடந்து, மேற்குச் சுவரின் ஜன்னலில் ஓசை மந்தமான இடத்தில் நின்று, திருப்புளியின் முனையை அழுத்தினார். கீழ்ச்சட்டத்தில் அது முக்கால் அங்குலம் இறங்கியது. அதற்கு மூன்று அங்குலம் மேலே, எவ்வளவு அழுத்தியும் முனை ஏறவில்லை. "அண்ணாச்சி, தண்ணி நின்ன இடம் மட்டுந்தான் போயிருக்கு. மேல உள்ள கட்டை நம்ம பேரப் பிள்ளைக காலத்துக்கும் நிக்கும். இதப் போயி புடுங்கணும்னு சொல்லுதீகளே" என்றார். இற்ற பகுதியைச் சாய்வாக அறுத்தெடுத்து, வீட்டுப் பரணில் கிடந்த பழைய உத்திரத் துண்டிலிருந்து அதே கனத்தில் ஒரு பகுதியைச் செதுக்கி, சாய்வுக்குச் சாய்வு பொருத்தி, தண்ணீருக்குக் கரையாத பசையும் இரண்டு மர ஆணிகளும் போட்டு இறுக்கினார். நேர்வெட்டாக ஒட்டினால் இணைப்பில் தண்ணீர் தங்கும் என்பதற்காகத்தான் சாய்வுவெட்டு. பிறகு கீழ்ச்சட்டத்தின் மேல்முகத்தை வெளிப்புறம் சரியும்படி இழைத்து, அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சிறு காடி, அதாவது பள்ளக்கோடு, எடுத்தார். ஓடி வரும் மழைநீர் அந்தக் காடியோடு சொட்டிவிடும், சுவருக்குள் போகாது. உளி இழுத்த சுருளைக் கையில் எடுத்து முகர்ந்தபோது, எண்பது ஆண்டு கழித்தும் தேக்கின் தோல்மணம் அப்படியே இருந்தது.

கதவு சாத்த வராததற்கு மரம் காரணமாக இருப்பது அரிது. கீல் ஆணிகளின் துளைகள் தளர்ந்து கதவு கீழே தொங்கியிருக்கும். அல்லது பல முறை பூசிய பெயின்ட் படலம் படலமாகத் தடித்திருக்கும். துளைகளில் தேக்குச் சீவலைப் பசையோடு அடைத்து மறுபடி ஆணி முடுக்கினால் கதவு தன் இடத்துக்கு வந்துவிடும். பெயின்டைச் சுரண்டும்போது மட்டும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். வீட்டுப் பெயின்டில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017ஆம் ஆண்டு நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய, குறிப்பாகப் பழைய பச்சை, மஞ்சள் எனாமல் பூச்சுகளில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். காய்ந்த நிலையில் இயந்திரம் வைத்துத் தேய்த்தால் அந்தத் தூள் வீடெங்கும் படியும். ஈரப்படுத்திச் சுரண்டி, சுரண்டியதைச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்தி, அந்த நாட்களில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் இருக்கச் செய்ய வேண்டும்.

செப்பனிடுவதற்கும் எல்லை உண்டு. நிலைச்சட்டத்தின் நான்கு மூலைகளில் மூன்று இற்றிருந்தாலோ, கரையான் சட்டத்தின் நடுவைக் குடைந்து மேலே தோல் மட்டும் நின்றாலோ, ஒட்டுப் போடுவது வீண் செலவு. எங்கள் வீட்டில் அடுப்பங்கரைக்குப் பின்னால் இருந்த இரண்டு ஜன்னல்கள் அப்படித்தான் போயிருந்தன. அவை முதலிலேயே தேக்கல்ல, ஏதோ இளமரம். அந்த இரண்டுக்கும் புது மரத்தில் நிலைச்சட்டம் வைத்தோம்.

புது மரம் என்றால் தேக்கு ஒன்றுதான் என்று நினைக்க வேண்டியதில்லை. வேங்கை வலுவான மரம், உளுக்காது. ஆனால் மழை பட்டால் சாறு கசிந்து வெள்ளையடித்த சுவரில் காவிக் கறை இறக்கும், ஆகவே பூச்சு நன்றாக ஏறிய பிறகே நிறுத்த வேண்டும். மலையோரத்தில், செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து வீடுகளில் காணும் அயினி ஈரத்தைத் தாங்கும். பலாவும் அந்தப் பக்கத்தில் புழங்கும் மரம்தான். வேம்பைக் கரையான் எளிதில் தொடாது, ஆனால் நன்றாக உலராவிட்டால் முறுக்கிக்கொள்ளும். கதவுக்கு உதவாது, நிலைச்சட்டத்துக்கு உதவும். மருது வெடிக்கும். எந்த மரமானாலும் அறுத்து வந்த கட்டையை நிழலில், பலகைகளுக்கு இடையே காற்று போகும்படி அடுக்கி, மாதக்கணக்கில் உலரவிட வேண்டும். ஈரம் 12 விழுக்காட்டின் அக்கம்பக்கத்துக்கு இறங்காத மரத்தில் செய்த கதவு, முதல் கோடையிலேயே இடைவெளி விடும். இடிக்கும் வீடுகளிலிருந்து வரும் பழைய கட்டையை வாங்குவது இந்த வகையில் நல்ல வழி. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் முழு ஜன்னலாகவே கிடைக்கும். ஆனால் பழைய கட்டைக்குள் ஆணி மறைந்திருந்தால் மில்லில் வாள் உடைந்துவிடும் என்பதால், ஆணி அனைத்தையும் பிடுங்கிய பிறகே அறுக்க வாங்குவார்கள். சுவரில் புதையும் பக்கங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது தெற்கே நெடுநாளைய வழக்கம். அது தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும், கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

யு.பி.வி.சி.யைப் பற்றி இரு தரப்பும் மிகைப்படுத்திப் பேசுகின்றன. அதன் நன்மை உண்மையானது. கரையான் தொடாது, பெயின்ட் வேண்டாம், ரப்பர் அடைப்பு இருப்பதால் சாத்தினால் காற்றும் ஓசையும் தூசியும் நன்றாக அடங்கும். உவரி, இடிந்தகரை, கூடங்குளம் போன்ற கடற்கரை ஊர்களில் இரும்புக் கம்பியையே உப்புக்காற்று தின்றுவிடுகிறது. அங்கே அலுமினியத்தைவிட யு.பி.வி.சி.யே மேல் என்பேன், கீலும் தாழும் 316 தர எவர்சில்வராக இருந்தால். குளியலறைக்கும் அதுவே பொருத்தம். பாளையங்கோட்டையில் பெருஞ்சாலையை ஒட்டிய வீட்டில் படுக்கையறைக்கு அதை வைப்பதையும் குறை சொல்ல முடியாது.

தீமையும் உண்மையானது. வெயிலில் அது மரத்தைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்கும். ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு பாகை வெப்பத்துக்குச் சுமார் 0.07 மில்லிமீட்டர் என்பது அதன் கணக்கு. நான்கடிச் சட்டம், விடியற்காலைக்கும் மாலை வெயிலுக்கும் இடையே 30 பாகை சூடேறினால் இரண்டரை மில்லிமீட்டர் நீளும். வெள்ளை நிறத்தில் சூடு குறைவு; தேக்கு நிறத்தில் படலம் ஒட்டிய கருஞ்சட்டம் மேற்குச் சுவரில் இன்னும் சூடேறும், விரிவும் கூடும். பழைய வீட்டுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணி அந்த மரநிறத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் மேற்குச் சுவருக்கு மட்டுமாவது அதைத் தவிர்க்க வேண்டும். இன்னொன்று, இதை நம் ஊர் ஆசாரி செப்பனிட முடியாது. மூலைகள் சூட்டில் உருக்கி ஒட்டியவை; பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு சக்கரமோ தாழோ உடைந்து, அந்த வகை உற்பத்தியில் இல்லையென்றால், முழு ஜன்னலும் போய்விடும்.

எங்கள் வீட்டிலேயே இதற்கு ஒரு பாடம் இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன், புறவாசல் பக்கத்து அறைக்கு ஒரு கடையில் சொல்லித் தள்ளும் யு.பி.வி.சி. ஜன்னல் வைத்தோம். பொருத்த வந்தவர்கள் பழைய நிலைச்சட்டத்தைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்து, மூன்றடி வாய் மூன்றே காலடியாக விரிந்தது. மிச்ச இடத்தைச் சிமெண்டால் அடைத்து, சட்டத்தின் அடியில் மழைநீர் வெளியேற இருந்த இரண்டு துளைகளையும் சேர்த்து அடைத்துவிட்டார்கள். முதல் கார்த்திகையில் தடத்தில் தேங்கிய தண்ணீர் உட்புறம் வழிந்தது. மறு ஆண்டு அந்த ஜன்னலைச் சுற்றிச் சுவர் உப்புப் பூத்துப் பொரிந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி, வெயிலில் மெல்ல வெளியே விடும் சுவர். இறுகிய சிமெண்டுப் பட்டை அந்த வழியை அடைத்தால் ஈரம் பக்கத்துச் செங்கல்லில்தான் தங்கும். இந்த முறை அந்தச் சிமெண்டை எல்லாம் கொத்தியெடுத்து, சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தால் வாயைச் சீர்செய்து, மூன்று வாரம் ஆறவிட்டு, வெளியே திறக்கும் வகை யு.பி.வி.சி. ஜன்னலைப் பொருத்தினோம். நீர்த்துளைகள் திறந்திருப்பதை ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். அதைச் செய்யாமல் யாரும் பணம் கொடுக்க வேண்டாம்.

பழைய சுவரில் எதைப் பொருத்துவதானாலும் அளவெடுப்பில் கருத்தாக இருக்க வேண்டும். அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடங்களிலும், உயரத்தை அதுபோல் மூன்று இடங்களிலும், பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் எடுக்க வேண்டும். எங்கள் பட்டாசல் ஜன்னல் ஒன்றில் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் முக்கால் அங்குல வேறுபாடு இருந்தது. மரத்தை ஆசாரி அந்தக் கோணலுக்கு ஏற்ப இழைத்துக்கொள்வார். தொழிற்சாலையிலிருந்து வரும் சட்டம் நேர்கோணத்தில்தான் வரும், கோணல் முழுவதும் ஓரத்தில் இடைவெளியாக நிற்கும். சுண்ணாம்புச் சாந்தில் விரியும் ஆணிகளை அடித்தால் சாந்து உதிர்ந்து பிடி கிடைக்காது. நீண்ட திருகாணிகளைச் செங்கல்லின் நடுவில் இறங்கும்படி துளையிட்டு முடுக்க வேண்டும், சுத்தியல் அதிர்வு கூடாது.

அலுமினியத்தைப் பற்றி நீளப் பேச வேண்டியதில்லை. விலை குறைவு, மெலிந்த சட்டம், கண்ணாடிப் பரப்பு அதிகம் என்பவை அதற்குச் சாதகம். ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் மரத்தைப் போல ஆயிரம் மடங்கு அளவில் இருக்கிற உலோகம் அது. மேற்குச் சுவரில் மாலை நான்கு மணிக்கு உட்புறச் சட்டத்தில் கை வைத்தால் புரியும். குட்டம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காற்றில் வரும் செம்மணல் தள்ளும் தடங்களில் நிறைந்துகொள்ளும், இது யு.பி.வி.சி.க்கும் பொருந்தும். பழைய வீட்டின் தெருமுகப்பில் அலுமினியத்தை நான் வைக்கமாட்டேன். இரும்புச் சட்ட ஜன்னலும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த சட்டமும் புது வீடுகளுக்கு ஆகலாம். பழைய சுவருக்கு அவற்றை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு எனக்கு அவற்றில் எதுவும் தென்படவில்லை.

கண்ணாடி விஷயத்தில் பலர் தேவையில்லாமல் செலவு செய்கிறார்கள். ஒற்றைக் கண்ணாடியைவிட இரட்டைக் கண்ணாடி வெப்பம் கடத்துவதைப் பாதியாகக் குறைக்கும் என்பது சரி. ஆனால் அது ஜன்னலைச் சாத்தி, உள்ளே ஏ.சி. ஓடும் அறைக்குத்தான் கணக்கு; பகலெல்லாம் திறந்திருக்கும் பட்டாசல் ஜன்னலில் அதற்கு வேலையே இல்லை. நம் ஊரில் வெப்பம் பெரும்பாலும் நேரடி வெயிலாக வருகிறது, ஆகவே வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதுதான் முதல் வேலை. திருநெல்வேலி ஏறத்தாழ 8.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. சித்திரை பிறக்கும் நாட்களை ஒட்டி நண்பகல் சூரியன் நம் உச்சிக்கு நேராக வந்து, அதன் பிறகு ஆவணி நடுப்பகுதி வரை வடக்கே சாய்ந்திருக்கும். எனவே வடக்கு ஜன்னலில் வெயிலே படாது என்ற எண்ணம் நம் வட்டாரத்துக்குப் பொருந்தாது. மார்கழியில் சூரியன் தெற்கே இறங்கி, நண்பகலில் தரையிலிருந்து சுமார் 58 பாகை உயரத்தில் நிற்கும். அப்போது இரண்டடி சன்ஷேடு தெற்குச் சுவரில் மூன்றடிக்குச் சற்று மேல் நிழல் தரும். மேற்குக்கு எந்தச் சன்ஷேடும் போதாது, வெயில் கிடையாக வரும். அங்கே மரக் கதவுதான் காவல். மேற்குச் சுவரின் மரக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைப்பவர்கள், அந்த அறைக்கு ஏ.சி.யையும் சேர்த்தே வாங்குகிறார்கள் என்று பொருள். கண்ணாடி வைத்தே ஆக வேண்டிய தாழ்ந்த ஜன்னல்களில் ஐ.எஸ். 2553 என்ற இந்தியத் தர முத்திரை பதித்த பாதுகாப்புக் கண்ணாடியைக் கேட்டு வாங்க வேண்டும். குழந்தை மோதினால் அது கத்திபோல உடையாது.

இனி, பெரும்பாலோர் கவனிக்காத ஒரு வழி. சுவர் ஒன்றரை அடி கனம் என்பதால், பழைய ஜன்னல் சுவரின் வெளிமுகத்தை ஒட்டி நிற்கும். உட்புறம் ஓரடி ஆழத்துக்கு வெற்றுத் திட்டு கிடக்கும். நாங்கள் சிறுவயதில் ஏறி உட்கார்ந்து தெருவைப் பார்த்த திட்டு அது. அந்தத் திட்டின் உள்விளிம்பில் இரண்டாவது ஜன்னல் ஒன்றை வைக்கலாம். வெளியே தாத்தா காலத்து மரக் கதவும் கம்பியும் அப்படியே நிற்கும். உள்ளே மெல்லிய யு.பி.வி.சி. சட்டத்தில் கண்ணாடி. ஏ.சி. ஓடும்போது உள்ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், மற்ற நேரங்களில் இரண்டையும் திறந்துவிடலாம். இரண்டுக்கும் நடுவே நான்கு அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருப்பதால் ஓசை தணிவதில் இது ஒட்டிய இரட்டைக் கண்ணாடியைவிட நன்றாக இருக்கும். மழை நேரடியாக அதன் மேல் படாது, வெயிலும் படாது, ஆகவே யு.பி.வி.சி.யின் விரிவும் தொல்லை தராது. பழைய நிலைச்சட்டத்தை ஓர் அங்குலம்கூடப் பெயர்க்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் வேண்டாமென்றால் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் போதும். என் அம்மா படுக்கும் மேற்கு அறைக்கு இதைத்தான் செய்தோம். பழைய வீட்டில் ஏ.சி. தேவைப்படும் எல்லோருக்கும் இதையே முதலில் சொல்வேன்.

கொசுவலைக்கும் இதே சிந்தனை வேண்டும், ஏனென்றால் ஜன்னலை மாற்ற வேண்டும் என்று தொடங்கும் பேச்சுகளில் பாதி, உண்மையில் கொசுவைப் பற்றிய பேச்சு. எங்கள் தெருவில் கொசுவோடு, கார், பிசானம் என்ற இரண்டு நெற்பருவங்களின் அறுப்பு நேரத்திலும் விளக்கைப் போட்டதும் வயலிலிருந்து கூட்டமாக வரும் பச்சைப்பூச்சியும் உண்டு. கதவுகள் வெளியே திறப்பவையாக இருந்தால், வலைச்சட்டம் கம்பிக்கு உட்புறத்தில், கீல் வைத்துத் திறக்கும்படி இருக்க வேண்டும். கை நீட்டிக் கதவைச் சாத்த அது வழிவிட வேண்டும். கதவுகள் உள்ளே திறப்பவையானால் வலை கம்பிக்கு வெளியே போகும். ஒட்டுப்பட்டை வலை மலிவு, ஆனால் மேல்காற்றுக்கு இரண்டு ஆடிக்கு மேல் நிற்காது. ஆசாரியிடம் சொல்லி, முக்கால் அங்குல வேங்கைச் சட்டத்தில் எவர்சில்வர் வலை வைத்தோம். சட்டத்தைக் கழற்றித் தண்ணீர் விட்டுக் கழுவலாம். கம்பிகளை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. பாபநாசம், கல்லிடைக்குறிச்சி, குற்றாலம் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் குரங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. யு.பி.வி.சி. வைத்தால் கம்பிக்குத் தனிச் செலவு என்பதும் விலைப்பட்டியலில் கடைசி வரியில்தான் வரும். வலை, கண்ணாடிக் கனம், பழையதை எடுக்கும் கூலி, பூச்சுவேலை ஆகியவற்றையும் எழுதி வாங்கிய பிறகே விலைகளை ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டபோது எங்களுக்குச் செப்பனிடுவதே மிகக் குறைந்த செலவாகவும், புதுத் தேக்கு மிக அதிகமாகவும், யு.பி.வி.சி. இடையிலும் வந்தன.

வெள்ளத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய காலம் இது. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையெங்கும் தண்ணீர் புகுந்ததை நாம் மறக்க முடியாது. நனைந்த தேக்குச் சட்டம் ஊதும். அவசரப்பட்டு வெயிலில் காயவைக்காமல், கதவுகளைக் கழற்றி நிழலில் வைத்தால் மெல்லத் தன் அளவுக்குத் திரும்பும். யு.பி.வி.சி. ஊதாது என்றாலும், சட்டத்தின் உட்கூடுகளில் சேறு புகுந்து, வலுவுக்கு வைத்த இரும்புப் பட்டைகள் உள்ளுக்குள் துருவேறும், வெளியே தெரியாது. தாழ்ந்த பகுதியில் வீடு உள்ளவர்கள், எந்தப் பொருளானாலும் கழற்றிக் கழுவ முடிகிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இறுதியில் எங்கள் வீட்டில் ஒன்பது ஜன்னல்களைச் செப்பனிட்டோம். மேற்கு அறை ஜன்னலைச் செப்பனிட்டதோடு உள்ஜன்னலும் வைத்தோம். அடுப்பங்கரை இரண்டுக்கும் வேங்கை நிலையும் பழைய தேக்குக் கதவும். குளியலறைக்கும் புறவாசல் அறைக்கும் யு.பி.வி.சி. வைத்தோம். எல்லா வேலையையும் மாசியில் தொடங்கி வைகாசிக்குள் முடித்தோம். மேல்காற்று எழும்பிய பிறகு ஜன்னல் வாயைத் திறந்து போட்டால் வீட்டுக்குள் நிற்க முடியாது, ஐப்பசியில் தொடங்கினால் சுண்ணாம்பு ஆறாது. மரங்களுக்கு வெளிப்புறம் ஆளிவிதை எண்ணெயை ஒரு வாரம் இடைவெளி விட்டு மூன்று கை பூசினோம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனியில், அதை மறுபடி பூச வேண்டும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் ஊறவைத்தோதான் எறிய வேண்டும். இதை வேலைக்காரர்களிடம் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.